ஆவுடையப்பனின் துணைமனம்

காப்பித் தம்ளர் உதட்டுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றுவிட்டது. ஆவுடையப்பன் எவ்வளவு முக்கினாலும் கை மேலே வரவில்லை.

"சர்க்கரை கூடுதல். மன்னிக்கவும்" என்றது காதுக்குப் பின்னால் பதித்திருந்த துணைமனம். கை தானாகவே தம்ளரை மேசையில் வைத்தது.

"கட்டையில போவ!" என்று திட்டினார். தினமும் திட்டுவதுதான்.

செவ்வாய்க் கோளின் குடியிருப்பில், சித்தம் சரியில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தவர்களுக்கெல்லாம் இதைப் பொருத்திவிடுவார்கள். காப்பாளர் எதைச் சொல்லி வைக்கிறாரோ, அதை இது உடம்பைக்கொண்டு செய்து முடிக்கும். ஆவுடையப்பனின் காப்பாளர் அவருடைய ஒரே மகன் குற்றாலலிங்கம். எல்லாத் தெருவும் ஒரே மாதிரி இருக்கிற அந்தச் சுரங்க ஊரில் அவர் ஒருமுறை வழி தவறிவிட்டார். ஒரே ஒருமுறை! பையன் பயந்துபோய் மனுப் போட்டான். பாசம்தான், வேறென்ன? அன்றிலிருந்து அந்த மனிதர் தின்பதும் தூங்குவதும் மகன் சொல்லி வைத்தபடி.

இன்று மறுவிசாரணை. தோற்றால் சாகும்வரை துணைமனம்தான். சட்டம் இன்னொரு வாய்ப்புத் தராது.

நீதிமன்றம் வீட்டுக்கே வந்தது. சக்கரம் வைத்த இயந்திரம். ஊரார் அதை நடுவர் என்பார்கள். துணைமனத்தை அது தற்காலிகமாக நிறுத்தியது.

"ஐயா, மறுபடியும் வழி தெரியாமல் போனால் என்ன செய்வீர்கள்?"

"அவருக்கு அதெல்லாம் சொல்லத் தெரியாது, நான்..." என்று மகன் குறுக்கே புகுந்தான்.

"கேள்வி உங்களுக்கு அல்ல."

"நாலு பேர்ட்ட கேப்பேன்" என்றார் ஆவுடையப்பன். "வாய் இருக்குல்லா?" கையை நடுவர் முன்னால் நீட்டினார். "என் கை எனக்கு வேணும்யா. சொந்தக் கையே சொன்னபடி கேக்கலன்னா மனுசனுக்கு என்ன மரியாத?"

நடுவர் மகன் பக்கம் திரும்பியது. "உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?"

"உண்டு. இவர விட்டா எங்கயாவது போய் விழுந்துருவாரு."

"ஆட்சேபிப்பவருக்கும் அதே சோதனை என்பது சட்டம். உங்கள் ஆலோசகத்தின் தொடர்பைத் துண்டிக்கிறேன். இன்று மதியம் என்ன சாப்பிட விரும்புகிறீர்கள்?"

குற்றாலலிங்கம் உள்ளங்கையைப் பார்த்தான். தோலுக்கடியில் எந்நேரமும் ஒளிர்கிற ஆலோசகம் இருண்டு கிடந்தது. எதைத் தின்பது, எதை உடுத்துவது, யாரிடம் என்ன பேசுவது, எல்லாம் அதைக் கேட்டுத்தான். ஊரே அப்படித்தான் இருந்தது, அவனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

"புளிக்குழம்பு... இல்ல, ரசம்... எது நல்லதுன்னு பாத்துச் சொல்லுதேன், அத ஆன் பண்ணுங்க."

"எது நல்லது என்று கேட்கவில்லை. உங்களுக்கு எது பிடிக்கும்?"

இருண்ட உள்ளங்கையைத் தேய்த்தான். யோசித்துப் பார்த்தான். நிஜமாகவே தெரியவில்லை.

தீர்ப்பு உடனே வந்தது. தந்தையின் சித்தம் தெளிவு. மகனுக்குச் சொந்தமாக முடிவெடுக்கும் திறன் இல்லை. துணைமனம் அவனுக்குப் பொருத்தப்படும். காப்பாளர், தந்தை. அவர் மறுத்தால் மட்டும் உத்தரவு ரத்தாகும்.

"அப்பா, வேண்டாம்னு சொல்லுங்கப்பா!" மகன் அவர் காலைக் கட்டிக்கொண்டான். "நாலு பேர் முன்னால நடக்க முடியாதுப்பா!"

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கியது. அந்தக் கருவியின் கொடுமையை அவரைவிட அறிந்தவர் யார்? விடுபட்ட கையால் அவன் தலையைத் தடவினார்.

"அழாதல. அப்பா ஒனக்குக் கெடுதல் செய்வனா?" நடுவரைப் பார்த்தார். "போட்டுருங்கய்யா. இவனுக்கு வெவரம் பத்தாது."

நடுவரின் ஊசி மகனின் காதுக்குப் பின்னால் சத்தமில்லாமல் இறங்கியது.

"முதல் கட்டளை?" என்றது நடுவர்.

"நாப்பது வயசாகப் போவுது, கல்யாணம் வேண்டாம் வேண்டாம்னு இழுத்தடிக்கான். என் தங்கச்சி மவ காத்துக் கெடக்கா. நாளைக்குப் பேசி முடிக்கப் போறோம். எல்லாரும் கேக்கும்போது இவன் சம்மதம்னு தலையாட்டணும். ஆட்ட வைக்குமா இது?"

"வைக்கும்."

"இப்பவே பாத்துருவோம். ஏல, ஒனக்குச் சம்மதம்தான?"

குற்றாலலிங்கத்தின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. தலை மட்டும் மேலும் கீழுமாக, அடக்கமாக ஆடியது.

"பாத்தீயளா?" என்றார் ஆவுடையப்பன், நெஞ்சு கொள்ளாத பெருமையோடு. "எம்புள்ள எம்பேச்சத் தட்டவே மாட்டான்."