ஈரத் திரைக்கு அந்தப் பக்கம்

படங்கள் பேசத் தொடங்காத காலம் அது. படம் பேசாததால், அதைப் பற்றிப் பேசும் வேலை முழுவதும் பிள்ளைகளின் தலையில் விழுந்திருந்தது.

சூலியா தெருவில் கமாலின் வாப்பா ரொட்டிக் கடை வைத்திருந்தார். கடைக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை உண்டு. பினாங்கில் அதை அஞ்சடி என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே அடுக்கியிருக்கும் மாவு மூட்டைகள்மேல் மூன்று பேர் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். கடைசியாகப் பார்த்த படத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடுவார்கள்.

கமாலுக்குக் குதிரை முக்கியம். குதிரை வராத படத்தை அவன் படமாகவே மதிக்கமாட்டான். சவுந்தரத்துக்கு அழ வேண்டும். இரண்டு முறையாவது கண்ணீர் வராவிட்டால் அப்பா வாங்கித் தந்த சீட்டு வீணாகிவிட்டதாக வருத்தப்படுவாள். ரேமண்ட் வாத்தியார் மகன். படத்தின் நடுநடுவே திரையில் வரும் எழுத்தை அவனுடைய அப்பாதான் பெஞ்சில் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குப் படித்துச் சொல்வார். யார் எந்தச் சட்டை போட்டிருந்தார், கதவு எந்தப் பக்கம் இருந்தது என்பதெல்லாம் அவனுக்குச் சரியாக இருக்க வேண்டும்.

அவர்களுக்குள் ஒரு சட்டமும் இருந்தது. பார்க்காத படத்தைப் பார்த்ததாகச் சொல்கிறவருக்கு மூட்டைமேல் இடம் கிடையாது. ஒருமுறை கமால் சுவரொட்டியை மட்டும் பார்த்துவிட்டு முழுக் கதையும் சொன்னான். மாட்டிக்கொண்டான். சொந்தக் கடை வாசலிலேயே அவன் தரையில் உட்கார வேண்டியதாயிற்று.

மழைக்காலம் வந்தது. நாள் முழுவதும் தூறல். அந்த ஈரத்தில்தான் லெட்சுமி பின்சந்தில் இருந்த தன் அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பத்து வயது. அவளுடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நெஞ்சுச் சளி முற்றி இறந்துபோனார். அம்மா அதற்கு வெகுமுன்பே இல்லை.

அத்தை அப்பம் சுட்டு விற்பவள். கெட்டவள் இல்லை. ஆனால் விடியற்காலையிலேயே களைத்துப்போய்விடுவாள். லெட்சுமியோடு பேச அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை.

மூட்டைமேல் நடக்கும் பேச்சை லெட்சுமி தூணுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சவுந்தரம் நகர்ந்து இடம் கொடுத்தாள். உனக்கு எந்தப் படம் பிடிக்கும் என்று கேட்டாள்.

லெட்சுமி யோசிக்கவே இல்லை. ராஜகுமாரன் படம் என்றாள். அவள் பார்த்தது அந்த ஒரே படம்தான். அப்பா இறப்பதற்குக் கொஞ்சநாள் முன்பு திடலில் கொட்டகை போட்டு அதைக் காட்டினார்கள். மற்ற மூவரும்கூட அங்கேதான் அதைப் பார்த்திருந்தார்கள். அதனால் எல்லாருக்கும் உற்சாகம் வந்துவிட்டது.

லெட்சுமி எழுந்து நின்று சொல்லத் தொடங்கினாள். ராஜகுமாரன் இடது கையால் வாளைச் சுழற்றுவதைச் செய்து காட்டினாள்.

"வலது கை," என்றான் ரேமண்ட்.

இல்லை, இடது கைதான் என்றாள் லெட்சுமி. வில்லனுக்கு இடது கன்னத்தில் தழும்பு என்றாள். அதுவும் வலது கன்னம் என்றான் ரேமண்ட். திரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது என்றாள். மழை இல்லாத நாளில் திரையிலிருந்து ஏன் தண்ணீர் விழ வேண்டும் என்று கமால் சிரித்தான்.

"கடைசியில ராஜா, மகன் மடியில படுத்துத் தூங்கிடுவாரு," என்றாள் லெட்சுமி.

"தூங்கலைலா. செத்துப்போறாரு. அதுக்குத்தானே எல்லாரும் அழுதோம்," என்றான் ரேமண்ட். "நீ படமே பாக்கல. யார்கிட்டயோ கேட்டுட்டு வந்து சொல்ற."

லெட்சுமி சவுந்தரத்தின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. இடது கைதானே?"

சவுந்தரத்துக்கு நன்றாக நினைவிருந்தது. வலது கை. பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "வலது கைதான்," என்று முணுமுணுத்தாள்.

லெட்சுமி மழையில் இறங்கி நடந்தாள். கமால்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டான். அன்றைக்கு அதற்குமேல் யாரும் படம் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு லெட்சுமி வரவில்லை. அதற்குப் பிறகு ஒருநாள் தெருக்குழாயடியில் சவுந்தரம் அவளைப் பார்த்தாள். வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. லெட்சுமி அதைக் கவனிக்கவில்லை.

"அத்தை சொல்றாங்க, அந்தச் சமயம் எனக்குக் காய்ச்சலாம்," என்றாள் அவள். "அப்பாகூட படத்துக்குப் போன மாதிரி கனாக் கண்டிருப்பேனாம். நீங்க மூணு பேரும் வலது கைங்கிறீங்க. அப்ப நான் போகவே இல்லையா?"

சவுந்தரம் குழாயை மூடினாள். வாளியைத் தூக்கிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு. லெட்சுமிக்கு அப்பாவோடு போன அந்த ஒரு மாலைதான் மிச்சம். அதையும் மூன்று பேர் சேர்ந்து பிடுங்கிக்கொண்டோமே என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை கொஞ்சம் வெயில் வந்தது. கமால் கடையிலிருந்து வாங்கிய பழைய மாவுச் சாக்குகளைச் சவுந்தரத்தின் அம்மா தையல் பிரித்துத் துவைத்துக் கொடியில் போட்டார். அவற்றைத் தலையணை உறை தைக்க வைத்திருந்தார். சவுந்தரம் உதவிக்கு நின்றாள்.

சாக்கில் சிவப்புக் குதிரை முத்திரை இருந்தது. குதிரை கிணற்றைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. சவுந்தரம் இன்னொரு சாக்கை எடுக்கக் கொடிக்கு அந்தப் பக்கம் குனிந்து போனாள். நிமிர்ந்து பார்த்தாள். முதலில் பார்த்தபோது குதிரையின் தலை அவளுடைய இடப்பக்கம் இருந்தது. இப்போது வலப்பக்கம் இருந்தது. குதிரைக்குக் கீழே இருந்த எழுத்துகளும் தலைகால் புரியாமல் திரும்பி நின்றன.

திரும்பவும் இந்தப் பக்கம் வந்தாள். அந்தப் பக்கம் போனாள். காய்ந்த சாக்கு ஒன்றையும் தூக்கிப் பார்த்தாள். அதில் பின்பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. துணி ஈரமாக இருந்தால்தான் தெரிந்தது.

கொட்டகையில் படம் தொடங்குமுன் இரண்டு ஆட்கள் திரைத்துணிமேல் தண்ணீர் அடிப்பதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். ஏன் என்று கேட்டதில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு சிலர் திரைக்குப் பின்னால் போவதையும் பார்த்திருக்கிறாள். அவர்கள் அங்கே என்ன பார்க்கிறார்கள் என்று யோசித்ததில்லை. திரைக்கு முன்னால் பெஞ்சில் உட்காருகிறவர்களுக்கு அந்த யோசனையே வருவதில்லை.

அம்மா கூப்பிடக் கூப்பிட, சவுந்தரம் பின்சந்துக்கு ஓடினாள். லெட்சுமி அப்பக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் உங்கப்பாவும் எங்க உக்காந்து பாத்தீங்க?"

"பாயிலதான். எல்லாரும் பாயிலதானே உக்காந்திருந்தாங்க. படம் ஓட்டுற மெஷினு திரைக்கு அந்தாண்ட இருந்துச்சு."

சவுந்தரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். லெட்சுமி மெல்லச் சொன்னாள். நடுநடுவே வந்த எழுத்து ஒன்றும் யாருக்கும் புரியவில்லையாம். அப்பாவுக்கு எப்படியும் படிக்கத் தெரியாது. அதனால் யார் என்ன பேசுகிறார் என்பதை அவரே சொல்லிக்கொண்டு வந்தாராம். ராஜாவுக்கு ஒரு குரல், வில்லனுக்கு ஒரு குரல். பக்கத்துப் பாய்க்காரர்கள்கூட இவர் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்களாம். கடைசியில் ராஜா விழுந்ததும், பாவம், களைப்பு, தூங்குகிறார் என்றாராம்.

சவுந்தரத்துக்கு இப்போதுதான் முழுவதும் விளங்கியது. கை விஷயத்தை ஒரு ஈரச் சாக்கு தீர்த்துவிடும். ராஜா விஷயத்தை எது தீர்க்கும்? எழுத்தில் ராஜா இறந்துவிட்டார் என்றுதான் இருந்தது. ரேமண்ட் அதைச் சும்மா விடமாட்டான். லெட்சுமி பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்கப் போய், அவளுடைய அப்பா பொய் சொன்னார் என்று ஆகிவிடக் கூடாதே.

மறுநாள் லெட்சுமியை அவள் கையைப் பிடித்துத்தான் கூட்டிவர வேண்டியிருந்தது. மூட்டைக்கு முன்னால் ஒரு ஈரச் சாக்கை விரித்துப் பிடித்தாள் சவுந்தரம். ரேமண்ட் ஒரு பக்கம், கமால் மறுபக்கம். குதிரை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டாள். கடையைப் பார்த்து ஓடுகிறது என்றார்கள் இருவரும். அப்படியானால் குதிரையின் தலை உங்களுக்கு எந்தக் கைப்பக்கம் என்று கேட்டாள். ஒருவன் வலது என்றான், ஒருவன் இடது என்றான். இருவரும் இடம் மாறிக்கொண்டு பார்த்தார்கள். கமாலுக்கு அது பிடித்துப்போய், நிறுத்தச் சொல்லும்வரை சுற்றிச் சுற்றி வந்தான்.

ரேமண்ட் ஓடவில்லை. சாக்கைத் தொட்டுப் பார்த்தான். "தண்ணி," என்றான் மெதுவாக. "அதான் சொட்டியிருக்கு." பிறகு லெட்சுமியைப் பார்த்தான். "நீ பின்னாலேருந்து பாத்திருக்க. உனக்கு இடது கைதான் தெரியும். நான் சொன்னது தப்பு."

தவறு என்று ரேமண்ட் வாயிலிருந்து வருவது பெரிய விஷயம். ஆனால் அவன் அதோடு நிற்பவனா? "ஆனா ராஜா..." என்று தொடங்கினான்.

சவுந்தரம் அவன் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள்.

"நம்ம பக்கம் எழுத்தைப் படிச்சுக் கதை சொன்னது உங்க அப்பா," என்றாள். "அந்தப் பக்கம் கதை சொன்னது அவ அப்பா. உங்க அப்பா சொன்னத நாம கேட்டாச்சு. அவ அப்பா சொன்னத இன்னும் கேக்கவே இல்ல."

ரேமண்ட் காலைத் தடவிக்கொண்டான். பிறகு மூட்டைமேல் ஏறி, நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டான்.

லெட்சுமி சொன்னாள். முதலில் மெதுவாகத்தான். போகப் போக ராஜாவின் குரல் வந்தது, வில்லனின் குரல் வந்தது. குதிரைகூட நடுவில் ஓரிடத்தில் பசிக்கிறது என்றது.

"குதிரை பேசுமா?" என்று கேட்டான் கமால்.

"எங்கப்பா சொன்னா பேசும்."

கமாலுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? அதுதான் இனித் தனக்குப் பிடித்த படம் என்று அங்கேயே அறிவித்துவிட்டான். கடைசியில் ராஜா தூங்கினார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அடுத்த படத்தைத் தானும் பின்பக்கம் உட்கார்ந்து பார்க்கப்போவதாகவும், லெட்சுமிதான் கதை சொல்ல வேண்டும் என்றும் ரேமண்ட் சொன்னான்.

பையன்கள் போனபின் லெட்சுமியும் சவுந்தரமும் சாக்கை மடித்தார்கள். ஆளுக்கு இரண்டு முனை.

"ராஜா செத்துட்டாருன்னு எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் லெட்சுமி.

சவுந்தரம் சாக்கைப் பிடித்தபடி நின்றாள்.

"அன்னிக்கு அப்பா ரொம்ப இருமினாரு. இருமிக்கிட்டே, ராஜா தூங்குறாரும்மான்னாரு. நான் ஆமாம்பான்னு தலையாட்டினேன். நான் பயப்படலன்னு அவருக்குச் சந்தோசம்." அவள் சாக்கைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "வேற மாதிரி சொன்னா அப்பாவை விட்டுக்கொடுத்த மாதிரி ஆயிடும்ல."

சவுந்தரம் படத்தில் அழுவதற்கென்றே போகிறவள். இப்போது அவளுக்கு அழக்கூட வரவில்லை. லெட்சுமியின் கையிலிருந்த முனைகளையும் வாங்கி மடித்தாள். பிறகு அவள் வீட்டு வாசல்வரை கூடவே நடந்தாள்.

அந்த மாதக் கடைசியில் புதுப் படம் வந்தது. சவுந்தரத்தின் அப்பா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளைகளைப் பின்பக்கம் போக விட்டார். வாத்தியார் மகன் பாயில் உட்காருவதா என்று ரேமண்ட் வீட்டில் சின்னச் சண்டை நடந்திருந்தது. ஆனாலும் அவன் வந்துவிட்டான்.

திரையிலிருந்து குளிர்ந்த துளிகள் விழுந்தன. படத்தில் ஒரு கிழவர் படகு ஓட்டினார். அவருக்கு ஒரே மகள். லெட்சுமி இருவருக்கும் குரல் கொடுத்தாள். பக்கத்துப் பாய்களில் இருந்தவர்களும் மெல்ல நகர்ந்து வந்து காது கொடுத்தார்கள். எழுத்து வரும்போதெல்லாம் ரேமண்ட் பழக்கத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்தான். பிறகு அதையும் விட்டுவிட்டான்.

பாதிப் படத்தில் படகுக்காரர் மணலில் விழுந்தார். மகள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் எழவில்லை. அந்த இடத்தில் ரீல் முடிந்தது. அடுத்த ரீலை மாட்டும்வரை திரை இருண்டு கிடந்தது.

கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் லெட்சுமியைக் கேட்டாள். "பெரியவருக்கு என்னாச்சு பாப்பா? தூங்கிட்டாரா?"

கமால் சவுந்தரத்தைப் பார்த்தான். ரேமண்ட் கீழே பார்த்தான். பாயில் இருந்த அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

"இல்லக்கா," என்றாள் லெட்சுமி. "செத்துப்போயிட்டாரு."

சொல்லிவிட்டு முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். சவுந்தரம் அவள் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள். அழாதே என்று அவள் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை.

திரையில் மறுபடி வெளிச்சம் விழுந்தது. படகுக்காரரின் மகள் கடற்கரையில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். பிறகு நடக்கத் தொடங்கினாள்.

லெட்சுமி பாவாடை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இப்ப அந்தப் பொண்ணு எங்க போகுதுன்னு பாப்போம்," என்றாள்.