ஆவுடைநாயகம் பாடிய சிற்றின்பம்

1958, ஆனி மாதம். சாரலில் நனைந்த வேட்டியோடு குற்றாலத்தில் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் தாணுமாலயன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார் பேராசிரியர் அருமைநாயகம். சிற்றின்ப இலக்கியத்தின் வரலாற்றை ஆராய்பவர்.

"தென்காசி மிராசுதார் என்னைத் திருடன்னு சொல்லுதாரு, அண்ணாச்சி. சாயங்காலத்துக்குள்ள ஏடு வரலைன்னா போலீசுக்குப் போவாராம்."

மானமுள்ளவனுக்கு அந்த ஒரு சொல் போதும். தாணுமாலயன் நடந்ததை நிதானமாகக் கேட்டார்.

மிராசுதார் பால்வண்ணநாதன், தம் பூட்டனார் ஆவுடைநாயகம் பாடியதென்று ஓர் ஓலைச்சுவடியைப் பெருமையோடு காட்டியிருந்தார். கலவி இன்பம் பாடும் நூல். கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிய ஏட்டில் மை தடவ வேண்டும். அருமைநாயகம் பாதிவரை தடவிப் படித்தார். சுவடியையும் மைக்கிண்ணத்தையும் மிராசுதார் வீட்டு மேசையிலேயே வைத்துவிட்டு வந்தார். மறுநாள் சுவடி இல்லை.

"பாடினவர் பேரு அதுல உண்டுமா?"

"கடைசி ஏட்டுல இருக்கும். அதுவரைக்கும் நான் போகலையே."

கூட இருந்த தாணுமாலயனின் நண்பர் செல்லப்பா, சோடாக் கடைக்காரர், துள்ளினார். "அந்த மாதிரிப் புஸ்தகம்லா! எவனாவது விடலைப் பய அமுக்கியிருப்பான்!"

"ஓலை படிக்கத் தெரிஞ்ச விடலை எங்கவே இருக்கான்?" என்றார் தாணுமாலயன்.

மூவரும் தென்காசிக்குப் போனார்கள். பால்வண்ணநாதன் அருமைநாயகத்தை உட்காரச் சொல்லவில்லை.

"இவரு போன பிறகு நான் அதைத் தொட்டதே இல்லை வே. வெக்கங்கெட்டவ பாடுன பாட்டு, தொலைஞ்சா தொலையட்டும். ஆனா களவு களவுதான்."

தாணுமாலயன் மேசையிலிருந்த மைக்கிண்ணத்தைப் பார்த்தார். வழித்தெடுத்தாற்போல் காலி.

"எவ்வளவு மை வச்சிட்டுப் போனீரு?"

"பாதிக் கிண்ணம், அண்ணாச்சி."

தாணுமாலயன் மிராசுதார் பக்கம் திரும்பினார். "பூட்டனார் பாட்டுன்னு ஊரெல்லாம் சொன்னீரு. இப்ப 'வெக்கங்கெட்டவ'ங்கீரு. பாடினது பொம்பளைன்னு உமக்கு யாரு சொன்னா?"

பால்வண்ணநாதன் காலிக் கிண்ணத்தை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தார்.

"பேரு கடைசி ஏட்டுல. அதுல இவரு மை தடவலை. மிச்ச மையைத் தடவிப் படிச்சது நீருதான். ஆம்பளை பேரைத் தேடினீரு. உம்ம வீட்டுப் பொம்பளை பேரு வந்துச்சு."

"அடுப்புல போட்டுட்டேன்," என்றார் மிராசுதார். "ஆம்பளை பாடினா ரசிகன். குலஸ்திரீ, கட்டின புருசனைப் பத்தி, இப்படியா வே? இவரு அதை அச்சுல வேற ஏத்துவாரு! திருடன்னு ஆக்கிட்டா இவரு பேச்சை எவன் நம்புவான்?"

"உம்ம வீட்டு ஏடு, எரிச்சீரு. நல்ல மனுசனைத் திருடன்னீரே, அதுலதான்வே குலம் கெட்டுச்சு."

"புகார் இல்லை," என்றார் பால்வண்ணநாதன்.

அருமைநாயகம் கைகூப்பினார். "அந்த அம்மா பேரை மட்டும் சொல்லுங்க. வரலாத்துல ஒரு வரி எழுதிக்கிடுதேன்."

"எங்க வீட்டுப் பொம்பளைக பேரை அயலான்ட்ட சொல்லுத வழக்கம் இல்லை."