புத்தகத்துக்குக் கட்டுப்போட்டது யார்?

ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு மட்டும்தான் அசதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூட இருப்பவர்களுக்கு இன்னும் அசதி. சும்மா உட்கார்ந்திருப்பதைப் போலக் களைப்பான வேலை வேறு கிடையாது.

பெண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு சிறுமி அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தாள். எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு என்று கேட்பாள் என்பதால் வார்டில் எல்லோரும் அவளைக் கேள்வி என்றே கூப்பிட்டார்கள்.

கட்டிலில் படுத்திருந்தது அவளுடைய அம்மா. பித்தப்பையில் கல். முதலில் டாக்டர் ஊரில் இல்லை என்று ஆப்பரேஷன் தள்ளிப்போனது. அப்புறம் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று தள்ளிப்போனது. தள்ளிப்போகத் தள்ளிப்போக அம்மாவின் பயமும் வளர்ந்துகொண்டே போனது. இப்போது நாளைக் காலை என்று நாள் குறித்திருக்கிறார்கள்.

"பேசாம வீட்டுக்குப் போயிடலாம்" என்று அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டாள். "கல்லு அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். எனக்கு அலுத்துப்போச்சு."

"எடுக்கலன்னா ஆபத்துன்னு டாக்டரே சொல்லிட்டாரே" என்றார் அப்பா. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா பெருமூச்சு விட்டுவிட்டு வேலைக்குப் போனார். அம்மா எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டால் என்ன செய்வது?

அம்மாவைக் கொஞ்சமாவது அசைத்தது ஒரே ஒரு விஷயம்தான். வார்டு மூலையில் பழைய புத்தகங்கள் அடுக்கிய ஓர் அலமாரி இருந்தது. அதிலிருந்து கேள்வி ஒரு துப்பறியும் கதையை எடுத்து வந்து தினமும் வாசித்துக் காட்டினாள்.

கதையில் ஒரு கடிகாரக் கடைக்காரர் கொலையாகிவிட்டார். பாவம், பழி அவர் வீட்டுத் தோட்டக்காரர் தலையில் விழுந்தது. கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. போலீஸ் கோட்டை விட்டதையெல்லாம் ஒரு தையல்காரம்மா கண்டுபிடிக்கிறாள். சட்டையில் ஒரு பொத்தான் மாறியிருந்தால் போதும், அவளுக்கு மூக்கு வேர்த்துவிடும்.

அன்று மதியம் கதை உச்சத்துக்கு வந்தது. எதிர்க் கட்டில் ஜட்ஜம்மாகூடக் காலை நீட்டிக்கொண்டு கேட்டார். அவர் நிஜ ஜட்ஜ் இல்லை. ஜன்னலை மூடலாமா, மின்விசிறியைக் குறைக்கலாமா என்று வார்டின் எல்லா வழக்குகளுக்கும் தீர்ப்புச் சொல்வதால் வந்த பெயர்.

கேள்வி குரலைத் தாழ்த்தி வாசித்தாள்: "'கொலைசெய்தவர் இதே அறையில்தான் இருக்கிறார்' என்றாள் தையல்காரம்மா. மெல்லக் கையை உயர்த்தி…"

பக்கத்தைத் திருப்பினாள். பின் அட்டைதான் இருந்தது.

"மேல படி" என்றாள் அம்மா.

"மேல இல்லம்மா. கடைசி அத்தியாயத்தையே காணோம்."

வார்டு முழுவதும் ஒரு முனகல் எழுந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "அவ்வளவுதான். எனக்கு எதுதான் முழுசா நடந்திருக்கு? நாளைக்கு மட்டும் நடந்துடுமா என்ன? அப்பா வந்ததும் துணியெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லு."

கேள்விக்கு அழுகை முட்டியது. எப்படியாவது அந்தப் பக்கங்களைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

ஜட்ஜம்மா உடனே விசாரணையைத் தொடங்கிவிட்டார். "இது வேற யாரும் இல்ல. கூட்டற அக்காதான். ஜன்னல் கண்ணாடி துடைக்கறதுக்குத் தினம் காகிதம் கிழிக்கறா, நான் பாத்திருக்கேன்."

துடைப்பத்தோடு நின்றிருந்த அக்காவுக்கு முகம் சுருங்கிப்போனது. "நான் பழைய பேப்பரைத்தாம்மா கிழிப்பேன். புத்தகத்துல எதுக்கு கை வைக்கப்போறேன்?" என்றாள். சண்டை போடக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"கொஞ்சம் இருங்க" என்றாள் கேள்வி. அக்கா துடைத்துப் போட்ட காகிதம் ஒன்றை எடுத்து வந்தாள். அதன் ஓரம் தாறுமாறாகக் கிழிந்திருந்தது. பிறகு புத்தகத்தை விரித்துக் காட்டினாள். "இதைப் பாருங்க ஜட்ஜம்மா. இது கிழிச்சதில்ல. கத்திரிக்கோலால நேரா வெட்டியிருக்காங்க."

ஜட்ஜம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "சரி, விடுதலை" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "மனசுல வச்சுக்காதே அக்கா" என்றும் சேர்த்துக்கொண்டார்.

கேள்வி புத்தகத்தை இன்னும் உற்றுப் பார்த்தாள். வெட்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. தடவிப் பார்த்தாள். பிளாஸ்திரி. மிச்சப் பக்கங்கள் கழன்றுவிடாமல் இருக்க, அதை யாரோ அழகாக மடித்து ஒட்டியிருந்தார்கள்.

அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. ஆளையும் வெட்டிவிட்டு, காயத்துக்குக் கட்டும் போட்டுவிட்டுப் போகும் கொலைகாரர் எங்கேயாவது உண்டா?

அலமாரிக்குப் போய் மற்ற புத்தகங்களையும் புரட்டினாள். சமையல் புத்தகம் முழுசாக இருந்தது. பயணப் புத்தகமும் முழுசாக இருந்தது. துப்பறியும் கதைகளில் மட்டும் கடைசி அத்தியாயம் இல்லை. எல்லாவற்றிலும் அதே பிளாஸ்திரி.

கெடுக்க நினைத்தவர் கட்டுப்போட மாட்டார். இது புத்தகத்தின் மேல் பிரியம் உள்ள ஒருவர் வேலை. அவர் கையில் எப்போதும் பிளாஸ்திரியும் கத்திரிக்கோலும் இருக்க வேண்டும். வார்டில் அப்படி ஒருவர்தான் உண்டு. கேள்வி அறைக்கோடியில் இருந்த மேசையைப் பார்த்தாள்.

சிஸ்டர் அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய காலை ஒரு ஸ்டூல் மேல் தூக்கி வைத்திருந்தார். அடுத்த ஷிப்டுக்கு ஆள் வராததால் காலையிலிருந்து அவரே நிற்கிறார். சட்டைப்பையில் கத்திரிக்கோல் எட்டிப் பார்த்தது.

"சிஸ்டர், எதுக்கு வெட்டினீங்க?" என்றாள் கேள்வி.

சிஸ்டர் மறுக்கவில்லை. மறுக்கவும் தெம்பு வேண்டும் அல்லவா? இழுப்பறையைத் திறந்து காட்டினார். உள்ளே காகிதச் சுருள்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் ஒரு துண்டு பேண்டேஜ் துணியால் கட்டியிருந்தார்.

"தப்புதான் கண்ணு. ஆனா கேளு. முன்னாடி இங்க ஒரு பாட்டு டீச்சர் இருந்தாங்க. ஆப்பரேஷன்னா அவ்வளவு பயம். பாதிப் புத்தகத்துல இருக்கும்போது நேரமாயிடுச்சுன்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க. திரும்பி வந்து கண்ணுகூட முழுசா திறக்கல. 'எங்க விட்டேன்?'னு கேட்டாங்க. நான் புத்தகத்தைக் கையில கொடுத்தேன். அன்னிலேர்ந்து கடைசி அத்தியாயத்தை எடுத்து வச்சு, ஆப்பரேஷன் முடிஞ்சு வந்ததும் கொடுக்கறதுதான் என் வழக்கம். திரும்பி வந்து கேக்கறதுக்கு எல்லாருக்கும் ஏதாவது ஒண்ணு வேணும்ல?"

கேள்வி இழுப்பறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"உங்கம்மாவுக்கு இப்பவே வேணும்னா எடுத்துட்டுப் போ" என்று சிஸ்டர் ஒரு சுருளை நீட்டினார். "ரொம்பச் சோர்ந்துபோயிருக்காங்க."

கேள்வி அதைக் கையில் வாங்கினாள். கை குறுகுறுத்தது. கொலைசெய்தது யார் என்று உள்ளே இருக்கிறது. முடிச்சை அவிழ்த்தால் போதும். இதைக் கொடுத்தால் அம்மா இன்றைக்குச் சந்தோஷப்படுவாள். ஆனால் காலையில்? கதையும் முடிந்துவிட்டது, வா போகலாம் என்று கிளம்பிவிடுவாளே.

அவள் சுருளைத் திரும்ப இழுப்பறையில் வைத்தாள்.

"நீயாவது படிச்சிக்கோயேன்."

"வேண்டாம் சிஸ்டர். நான் படிச்சா என் மூஞ்சியே காட்டிக்கொடுத்துடும்."

அவள் நேரே அம்மாவிடம் போனாள். "அம்மா, பக்கம் கிடைச்சிடுச்சு. சிஸ்டர்கிட்ட பத்திரமா இருக்கு. ஆனா நாளைக்கு ஆப்பரேஷன் முடிஞ்சு வந்தாதான் தருவாங்க."

"இது என்னடி அநியாயம்?" அம்மா தலையணையிலிருந்து எழுந்தே விட்டாள். "நீ பாத்துட்டியா?"

"பாக்கல."

"நீயா? பாக்காம இருந்தியா?" அம்மா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எவ்வளவு சிரமப்பட்டு மகள் பார்க்காமல் இருந்திருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. ஒட்டிப்போன கன்னத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "கிட்ட வா. யாருன்னு எனக்குத் தெரியும். கதையில எப்பப் பாத்தாலும் சிரிச்சுக்கிட்டே வர்றாரே, அந்தப் பக்கத்து வீட்டு டாக்டர். அவர்தான்."

"இல்ல, கடைக்காரரோட மருமகன்" என்றார் ஜட்ஜம்மா.

"மருமகன் நல்லவன்மா. கடையில கணக்கெழுதறவன்தான் செஞ்சிருப்பான்" என்றாள் கூட்டற அக்கா, கட்டிலுக்கு அடியில் குனிந்தபடி.

சாயங்காலம் அப்பா தொங்கிய முகத்தோடு வந்தார். "துணியை எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்டார்.

"எதுக்கு?" என்றாள் அம்மா. "எனக்கு இங்க ஒரு வேலை பாக்கி இருக்கு."

மறுநாள் காலை டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். அம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஜட்ஜம்மா போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. தள்ளுவண்டியில் போகும்போது அம்மா கேள்வியின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கதவு வரைக்கும் விடவே இல்லை.

பிறகு காத்திருப்பு. அப்பா நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி நடந்தார். கேள்வி எதுவுமே கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை.

கடைசியில் வண்டி திரும்பி வந்தது. அம்மா வெளுத்துப்போய், உதடு காய்ந்து, கண்ணை மூடிக் கிடந்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார் டாக்டர். ஆனாலும் அம்மா அசையவில்லை. கேள்வி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெகுநேரம் கழித்து அம்மாவின் உதடு அசைந்தது.

"யாருடி செஞ்சது?"

கேள்வி திரும்பிப் பார்த்தாள். சிஸ்டர் அதற்குள் இழுப்பறையைத் திறந்திருந்தார்.

அம்மா நன்றாக விழித்த பிறகு கேள்வி முடிச்சை அவிழ்த்து வாசித்தாள். தையல்காரம்மாவின் விரல் மருமகனைக் காட்டியது. தோட்டக்காரர் விடுதலையானார். தன் தீர்ப்பு பலித்த பெருமையில் ஜட்ஜம்மா தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டார்.

"அப்ப டாக்டர் இல்லையா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. அவர் நல்லவராம்."

"இதை நேத்தே சொல்லியிருந்தா கொஞ்சம் தைரியமா போயிருப்பேனே."

வாசித்த பக்கங்கள் மடியில் கிடக்க, கேள்வி நாற்காலியிலேயே தூங்கிவிட்டிருந்தாள்.