ரோட்டரிகத்து வீடு

காரிலிருந்து இறங்கியதும் ஜீனா முதல் வேலையாகக் கழுத்துச் செயினைக் கழற்றினாள். பிறகு வளையல்கள், கம்மல். எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்து பையின் அடியில் திணித்துவிட்டு, நீல டார்பாய்க்குக் கீழே குனிந்து உள்ளே வந்தாள்.

"அக்கா, உங்க பழைய நைட்டி ஒண்ணு தாருங்க. நல்லா நரைச்சதா பாத்துத் தாருங்க."

விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்த ஆனந்தபாய் நிமிர்ந்தாள். "என்னத்துக்கு மக்கா?"

"நல்ல கேள்வி! இன்னைக்கில்லா பஞ்சாயத்துல இருந்து பாக்க வாறாங்க. சுடிதாரும் போட்டுட்டு நின்னா, வீடில்லாதவன்னு என்னை ஆரு நம்புவா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனந்தபாய் கொடியிலிருந்து தன் நைட்டியை எடுத்துக் கொடுத்தாள். அவளிடம் இருந்ததே இரண்டு. மற்றது உடம்பில் இருந்தது.

வெளியே அவள் கணவன் சஜு கயிறு கட்டி, காய்ந்த துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். நெய்யாற்றின்கரை வீட்டில் துவைத்துத் தேய்த்து மடித்திருந்த சட்டைகள்; மகளுடைய பள்ளிச் சீருடை. அவற்றைக் கசக்கிக் கசக்கி உதறித் தொங்கவிட்டான். ஒரு பாயும் சில தட்டுகளும் கொண்டுவந்து ஷெட்டின் மூலையில் பரப்பினான். பிறகு காரைக் கொண்டுபோய் சர்ச் மதிலின் மறைவில் நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தான்.

"இப்பம் எப்பிடி இருக்கு மைனி? ஒரு குடும்பம் கெடக்க எடம் மாதிரி தோணுதா?"

"தோணுது மக்கா."

அவனிடம் அவளுக்கு வேறு பதிலே வந்ததில்லை. அவளுடைய கணவன் ரெத்தினதாஸின் தம்பி அவன். ரோட்டோரமாக அப்போது இங்கே நின்ற வீட்டுக்குள் அவள் மணப்பெண்ணாகக் கால் வைத்தபோது இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். தாயில்லாப் பிள்ளை. அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை; இவன் போதும் என்று இருந்துவிட்டாள். முந்திரித் தொழிற்சாலையில் கொட்டையின் ஓட்டைத் தல்லித் தல்லி உடைத்து விரல்கள் கறுத்து வெந்துபோயின. அந்த விரல்களால்தான் அவனுக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள். அவன் டிப்ளமோ முடித்து, டைல்ஸ் கடைக்கு மேனேஜராகி, நெய்யாற்றின்கரையில் வசதியான வீட்டில் ஜீனாவைப் பெண் எடுத்தான். ரெத்தினதாஸ் இறந்தபின் தன் பங்கு நிலத்தையும் அவன் பேருக்கே எழுதிக் கொடுத்தாள். 'எல்லாம் உனக்குத்தானே மக்கா' என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டாள்.

சித்திரையில் ஒருநாள் சஜு உற்சாகமாக வந்தான். "மைனி, வீடில்லாதவங்களுக்குப் பஞ்சாயத்துல வீடு குடுக்காங்க!"

"நமக்குத்தான் வீடு உண்டே?"

"அதாக்கும் பிரச்சினை. இந்த வீடு நிக்கும்போ வீடில்லாதவன்னு எப்பிடிச் சொல்ல முடியும்? முதல்ல இத இடிக்கணும்."

அவள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். மறுவாரம் ஜேசிபி வந்தது. ஓடு போட்ட வீடுதான், ஒழுகும்தான். ஆனால் கதவு இருந்தது. உள்ளே நின்று தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள முடிந்தது. ஒரு பகலில் அது மண்ணாயிற்று. "கொஞ்சநாள் சகிச்சுக்கிடுங்க மைனி. புது வீட்டில கிணத்துப் பக்கமா ஜன்னல் வச்ச பின்னறை உங்களுக்கு," என்றான் சஜு. அந்த அறையை நம்பித்தான் இடவப்பாதிப் பருவமழை முழுவதும் அவள் டார்பாய்க்கடியில் கிடந்தாள். இருட்டிய பிறகு அடுத்த வீட்டுக் கக்கூஸைத் தட்டக் கூச்சப்பட்டு, மத்தியானத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் போதகர், வீடில்லாமல் தவிக்கும் சஜுவின் குடும்பத்துக்காக ஜெபித்தார். ஜீனா கண்களை இறுக மூடி நின்றாள். ஆனந்தபாயும் ஆமென் சொன்னாள். வெளியே வரும்போது எல்லோரும் சஜுவின் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்கள். அவள் எங்கே படுக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

"மைனி, ஒரு காரியம்..." சஜு தரையைப் பார்த்துக்கொண்டு தொடங்கினான். "அவங்க வரும்போ நீங்க இங்க தாமசம், இங்கதான் குடியிருக்கியன்னு சொல்லப்பிடாது."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"நான் சொல்லுதேன்," என்று ஜீனா முன்னால் வந்தாள். "கெட்டினவன் செத்த வயசாளி தனியா கெடக்கியன்னு கண்டா, வீடு உங்களுக்குத்தான் வேணும்பாங்க. எங்க பேரு போவும். அதனால நீங்க பக்கத்து விளை வீட்டுக்காரி. தண்ணி கோர வந்திய. வீட்டுப்பேரு கேட்டா மேலேவிளைன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்! எங்க, ஒருக்கா சொல்லுங்க பாப்போம்."

"மேலேவிளை," என்றாள் ஆனந்தபாய்.

"கண்டியளா, எவ்வளவு எளுப்பம்!"

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் நின்றாள். மேலேவிளை, மேலேவிளை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். தான் படுக்கிற இடத்துக்குத் தானே அந்நியக்காரியாக நிற்பது விசித்திரமாக இருந்தது. பின்னறைக்காக இதையும் செய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

பஞ்சாயத்திலிருந்து வந்தவள் பிரசீதா என்ற, மலையாளம் கலந்து பேசும் இளம்பெண். குடையை மடக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். ஜீனா முந்தானை இல்லாத குறைக்கு, நைட்டியின் தோளை இழுத்து மூக்கைத் துடைத்தாள்.

"எங்களுக்கு ஆருமில்ல மேடம். மழை பெய்யும்போ பிள்ளையக் கெட்டிப்பிடிச்சுட்டு உக்காந்திருப்போம்..."

பிரசீதா தலையசைத்தாள். திரும்பும்போது கிணற்றடியில் நின்ற ஆனந்தபாயைப் பார்த்தாள்.

"அம்ம ஆரா? எவிடயா தாமசம்?"

"தண்ணி கோர வந்தேன் மேடம்."

"வீட்டுப்பேரு?"

இந்தப் பக்கத்தில் ஆளை ஊர்ப்பேர் வைத்துக் கேட்பதில்லை, வீட்டுப்பேர் வைத்துத்தான். ஆஸ்பத்திரிச் சீட்டில், ரேஷன் கடையில், சர்ச்சில், சாவுச் செய்தியில்... எங்கும் அதுதான். கல்யாணமாகி வந்த அன்றிலிருந்து அந்தக் கேள்விக்கு அவளுக்கு ஒரே பதில். யோசித்துச் சொல்கிற பதிலல்ல அது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது மாதிரி.

"ரோட்டரிகத்து வீடு," என்றாள் ஆனந்தபாய்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. குடம் கையிலிருந்து நழுவியது.

"ரோட்டரிகத்து வீடோ?" பிரசீதாவின் புருவம் சுருங்கியது. "அது இவங்க வீட்டுப்பேரில்லியா? இடிஞ்சுபோன வீடுன்னு சொன்னாங்களே?"

ஜீனா பாய்ந்து வந்தாள். "மேடம், அவங்களுக்கு ஓர்ம கொறவாக்கும்! பாவம். எங்க போய் நின்னாலும் இது எனக்க வீடும்பாங்க. நேத்து சர்ச்சில போயி பாய் விரிச்சுட்டாங்க... இல்லியா சேட்டா?"

சஜு கொடியில் தொங்கிய சீருடையை இழுத்துச் சரி செய்தான். பிரசீதா ஆனந்தபாயின் அருகில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள். "அம்மா, சத்தியம் சொல்லுங்க. இங்க ஆரு தாமசிக்கது?"

ஆனந்தபாய் சஜுவைப் பார்த்தாள். அவன் முகம் வெளிறியிருந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப் போகிறோம் என்று தெரிந்த காலைகளில் இப்படித்தான் நிற்பான். உண்மையைச் சொன்னால் இவன் ஊர் முன்னால் கள்ளன் ஆவான். பொய் சொல்லவோ இடமில்லை. பெயர் வாயிலிருந்து விழுந்துவிட்டது. பங்கைக் கொடுத்தாயிற்று, வீட்டைக் கொடுத்தாயிற்று. இனி கொடுக்க என்ன இருக்கிறது? புத்தி இருந்தது.

"ஆமா மேடம்," என்றாள். "எனக்கு ஓர்ம நிக்கியதில்ல. எங்க கெடக்கேன், எங்க திங்கேன்... ஒண்ணும் தெரியாது."

"இவங்களையெல்லாம் தெரியுமா?"

"இல்ல. இது ஆருன்னும் தெரியாது." அவள் கை சஜுவைக் காட்டியது.

"மைனி..."

அந்தக் குரல் நடிப்பல்ல. அவன் நாலெட்டு முன்னால் வந்தான்.

"என்னையா தெரியாது?... மைனி, என்னைப் பாத்துச் சொல்லுங்க. என்னையா தெரியாது?"

அவள் பார்க்கவில்லை. "தெரியாது மக்கா," என்றாள்.

அந்த 'மக்கா'வில் அவன் உடைந்தான். சேற்றில் அப்படியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"மேடம், எனக்கு வீடு உண்டு! நெய்யாற்றின்கரையில ரெண்டு நிலை மாடிவீடு உண்டு! இந்தத் துணியெல்லாம் இப்பம் கொண்டு தொங்கவிட்டதாக்கும். இங்க கெடக்கது இவங்க மட்டும்தான். என்னை வளத்தவங்க... இவங்களுக்கு ஓர்ம கொறவில்ல மேடம். எனக்காக்கும் இல்லாமப் போச்சு!"

"சேட்டா! உங்களுக்கென்ன பைத்தியமா?" ஜீனா கத்தினாள்.

பிரசீதா ஷெட்டுக்குள் இன்னொருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு, "அப்போ வீடு கிட்ட வேண்டியது அம்மைக்கல்லே?" என்றாள். "பூமி இருந்தா மதி, அது போதும். நான் சொல்லிப் பாக்கேன்."

"நான் எழுதித் தாறேன்!" சஜு எழுந்தான். "இப்பமே எழுதித் தாறேன்!"

"எத எழுதுவிய?" ஜீனாவின் குரல் இப்போது அமைதியாக இருந்தது. "பூமி எனக்க பேரிலயாக்கும். பெண்ணுக்க பேரில இருந்தா சீக்கிரம் கிட்டும்னு நீங்கதானே எழுதித் தந்திய?"

"ஜீனா, கொஞ்சம் எடம்... மைனிக்கு ஒரு அறை போட..."

"எந்த அறை? ரோட்டுப் பக்கத்து எடம், கெட்டி வாடகைக்கு விடதுக்கில்லா இவ்வளவு பாடும்? நான் கெட்டவதான், சம்மதிச்சேன். ஆனா எனக்க அப்பன் தந்ததிலயும் எனக்க பேரில உள்ளதிலயும் வேற ஒருத்திக்க அடுப்பு எரிய விடமாட்டேன்."

ஆனந்தபாய் சஜுவைப் பார்த்தாள். அவன் தலை குனிந்திருந்தது. கிணற்றுப் பக்கத்து ஜன்னல் எந்த வரைபடத்திலும் இருந்ததில்லை என்று அந்தக் குனிந்த தலை அவளுக்குச் சொல்லிற்று.

பிரசீதா குடையை விரித்தாள். பூமியில்லாதவர்களுக்கு வேறு வரிசை உண்டு, சேர்த்துவிடுகிறேன், ஆனால் காலம் பிடிக்கும் என்றாள். "ஆனா அம்மா, முறை வரும்போ உங்கள எங்க வந்து விளிக்க? ஒரு வீட்டுப்பேர் வேணுமே..."

ஆனந்தபாய் குனிந்து, விழுந்து கிடந்த குடத்தை நிமிர்த்தி வைத்தாள். அந்தப் பெண் கண்களைத் திருப்பிக்கொண்டு மழைச்சேற்றில் இறங்கிப் போனாள். ஜீனா உள்ளே போய் சுடிதார் மாற்றி வந்தாள். யாரையும் பார்க்காமல் சர்ச் மதிலை நோக்கி நடந்தாள்.

சஜு ஆனந்தபாயின் காலைப் பிடித்தான். "என்னை அடிங்க மைனி... வாரியல எடுத்து அடிங்க. எனக்கென்ன இருக்கு? அந்த வீடு அவளுக்க அப்பன் கெட்டினது. பூமியும் போச்சு. நினைச்சுப் பாத்தா நானும் வீடில்லாதவன்தான்..."

"சீ! அந்த வார்த்தையச் சொல்லாதே!"

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அவள் அவனிடம் குரல் உயர்த்தி அவன் கேட்டதே இல்லை.

"இனி அந்த வார்த்தை உனக்க வாயில வரப்பிடாது. சர்ச்சில சொன்னே, பஞ்சாயத்துல சொன்னே, இப்பம் என்கிட்டயும் சொல்லுதியா? உனக்குச் சாயங்காலம் திரும்பிப் போவ ஒரு எடம் உண்டுலே. நீ பிந்தினா ஏன் வரலன்னு கேக்க ஆளு உண்டு. வீடில்லாததுன்னா மழை நனையதுன்னு நினைச்சியா? மழை நனைஞ்சா தொடைச்சுக்கலாம் மக்கா. வீடு இடிச்சப்போ உங்க கூட வந்து கொஞ்சநாள் நின்னேன். மேல் கழுவினா சத்தம் கேக்குமோ, இருமினா ஆராவது முழிச்சிருவாங்களோ... எனக்க சீப்பை எங்க வைக்கன்னு தெரியாம இடுப்பிலயே சொருகிட்டு நடந்தேன். எல்லாரும் நல்லாத்தான் பேசினிய. ஆனா ஒவ்வொரு நேரமும், 'எப்பம் போவுதிய'ன்னு ஆராவது கேட்டிருவாங்கன்னு காதை வச்சுட்டே இருந்தேன். அதாக்கும் வீடில்லாதது. நீ அறிஞ்சதில்ல. அறியவும் வேண்டாம்!"

மூச்சு வாங்கியது அவளுக்கு. கோபம் வந்த வேகத்தில் வடிந்தும் போயிற்று. அவனுடைய சேறு படிந்த தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். அத்தனை வருடங்களில் அவன் அவளுக்காக அழுதது அன்றைக்குத்தான். அது போதுமென்று அவளுக்குத் தோன்றியது, போதாதென்றும் தோன்றியது.

சர்ச் பக்கமிருந்து ஹாரன் கேட்டது. நீளமாக, மறுபடியும்.

"போ மக்கா. பிள்ளை பள்ளியில இருந்து வரும்."

"நீங்க?"

அவள் ஏற்கெனவே துணிகளைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். "இது இன்னொருத்திக்க பூமி. அவ மனசில்லாம இங்க கெடக்க எனக்கும் மனசில்ல. வெள்ளறடையில ஷியாமளா இருக்காளே... அண்டியாபீசில என்கூட முந்திரி தல்லினவ. 'எனக்க கூட வந்து இரு ஆனந்தே, எனக்கும் ஒரு துணையாச்சு'ன்னு விளிச்சு விளிச்சு அவளுக்கு வாய் வலிச்சுப் போச்சு."

"உள்ளதா மைனி?"

"பின்ன? வாசலுக்குப் பக்கத்தில எனக்குன்னு ஒரு கட்டில் போட்டு வச்சிருக்கா."

அவன் முகம் தெளிந்தது. அவ்வளவு சீக்கிரம் தெளிந்ததை அவள் கவனித்தாள். பரவாயில்லை, இவன் இன்றைக்குத் தூங்குவான் என்று நினைத்துக்கொண்டாள். பையை அவன்தான் தூக்கி வந்தான். பஸ் வந்ததும் அவளைக் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளறடைக்கு வாறேன் என்றான். "வேண்டாம், மழைக்காலம்," என்றாள். பஸ் வளைவு திரும்பும்வரை ஜன்னல் வழியே கையசைத்தாள்.

ஷியாமளாவை அடக்கம் செய்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அதைச் சஜுவுக்குச் சொல்ல ஒருபோதும் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

வெள்ளறடைக்கு டிக்கெட் எடுத்தாள். மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த பெண், மடியில் மரச்சீனிக் கிழங்குப் பையை இறுக்கிக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன மழையாக்கும் வரப்போவுது! நனையாம வீடு போய் எத்தினா மதி, இல்லியாம்மா?"

ஆனந்தபாயும் சிரித்தாள்.

"ஆமா மக்கா," என்றாள். "வீடு எத்தினா மதி."