புகையேறிய சிறகுகள்

மருத்துவ நிலையத்தின் கதவு படாரென்று சுவரில் மோதித் திறந்தது. மழை சொட்டச் சொட்ட உள்ளே வந்த எடுவினா, ஒரு ஜாம் புட்டியை மேஜைமேல் ஓங்கி வைத்தாள். அதற்குள் மயிரடர்ந்த நான்கு கரிய பம்பிள் தேனீக்கள் செத்துக் கிடந்தன.

"டாக்டரம்மா, எங்க கொட்டகையில பொறுக்கினது. தக்காளித் தோட்டக்காரன் குமெர்சிந்தோ, பூவெல்லாம் காய் பிடிக்கணும்னு திருட்டுத்தனமா இறக்கின வெளிநாட்டுத் தேனீ. இல்லவே இல்லைங்கிறான். சாயங்காலம் ஊர்க்கூட்டத்துல நிரூபிக்கலைன்னா, எல்லார் முன்னாலயும் அவன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணுமாம்."

வெளிநாட்டுத் தேனீ வந்த அண்டைத் தீவுகளில் மண்ணுக்கே உரிய பெரிய சிவப்புத் தேனீ அற்றுப்போயிருந்தது. அதனால் இந்தத் தீவில் வெளிநாட்டுத் தேனீக்குத் தடை.

மர்மம் என்றாலே கை பரபரக்கும் செவிலியர் நொல்பெர்த்தோ புட்டியைப் பறித்துப் பார்த்தான். "நம்மது சிவப்பு, இது கறுப்பு. கேஸ் முடிஞ்சுதுக்கா."

நிலையத்தின் பின்னறையில் ஆய்வு நடத்தும், ஊரார் டாக்டரம்மா என்றே அழைக்கும் பூச்சி ஆராய்ச்சியாளர் இசோலினா புட்டியை முகர்ந்தாள். "எப்படிக் காயவச்சீங்க?"

"மட்டிச் சிப்பியைக் காயவைக்கிற மாதிரிதான். அடுப்புக்கு மேல, புகையில."

"புகையில தொங்கினா எந்தத் தேனீயும் கறுப்புதான். அவனும் அதைத்தான் சொல்லுவான்."

நொல்பெர்த்தோவின் முகம் தொங்கியது. இசோலினா சிறகுகளைக் கழற்றி, சாராயத்தில் கரியைக் கழுவி, கண்ணாடித் தகட்டில் விரித்தாள். நரம்புகள் வேலியடைத்த வயல்களைப்போல் தெளிந்தன. தான் சேகரித்து வைத்திருந்த சிறகுகளை எடுத்து, ஒவ்வொரு வேலியும் சந்திக்கும் இடத்தை ஒப்பிட்டு அளந்தாள்.

"உடம்பு மயிர் நிறம் மாறும், உதிரும். நரம்பு மாறாது."

கூட்டத்தில் குமெர்சிந்தோ கால்மேல் கால் போட்டிருந்தான். "எடுவினா தேனீயையும் கருவாடு போட ஆரம்பிச்சிட்டாளா? தொட்டுக்க உருளைக்கிழங்கு கொண்டுவந்தியா, தாயி?"

கூடம் சிரித்தது. எடுவினாவின் கணவன், படகோட்டி பெலார்மினோ மட்டும் தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலும் வெளிநாட்டு இனம்" என்றாள் இசோலினா. "சிறகு நரம்பு அப்படித்தான் காட்டுது."

"அப்ப காத்து அடிச்சிட்டு வந்திருக்கும். என் தோட்டத்தை வேணும்னா சோதிங்க."

"மத்தியானமே சோதிச்சுட்டேன்" என்றான் நொல்பெர்த்தோ எரிச்சலோடு. "ஒரு தேனீப்பெட்டியும் இல்லை."

"இருக்காது" என்றாள் இசோலினா நிதானமாக. "சிறகு ஓரத்தைப் பாருங்க. வெளியில மேயற தேனீக்கு இலையும் முள்ளும் உரசி ஓரம் கிழிஞ்சிருக்கும். கடல் தாண்டினதுன்னா இன்னும் மோசம். இதுல ஒரு பிசிறுகூட இல்லை. இது வெளியவே போகாத தேனீ. அப்படின்னா, செத்துக் கிடந்த இடத்துலதான் அதோட பெட்டியும் இருக்கணும்."

எடுவினா கத்துவதற்கு வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

"கொட்டகைச் சாவி யார்கிட்ட இருக்கு, எடுவினா?"

குமெர்சிந்தோவை நோக்கி நீட்டியிருந்த அவளுடைய விரல் மெல்ல மடங்கி முஷ்டியானது. அவள் கணவன் பக்கம் திரும்பினாள். இப்படியொரு கோபத்தை நொல்பெர்த்தோ எந்த முகத்திலும் கண்டதில்லை.

பெலார்மினோ தலை நிமிராமலே சொன்னான்: "குமெர்சிந்தோ நம்ம கொட்டகையில பத்திரமா வைக்கச் சொன்ன தேனீ அட்டைப்பெட்டி நனைஞ்சு ஓட்டையாகும்னு நான் நினைக்கலை, எடுவினா."