தட்டானில் ஒரே ஒரு இருக்கை

“தட்டானை எடுக்காதே அம்மிணி! அது தென்னை உயரத்துக்கு மேல போனதே இல்ல!”

பட்டறை வாசலில் கைகளை விரித்து வழிமறித்தார் தேவசகாயம். நிரஞ்சனா அவரை முறைத்தாள். அவள் அண்ணன் பூபதியின் கூட்டாளி இவர். இருவரும்தான் புதையல் தேடிக் குதிரைக்கல் மலைக்குப் போனார்கள். திரும்பி வந்ததோ இவர் மட்டும்!

“திரும்பறப்ப, நான் தாண்டுனதும் ஓடையில திடீர்னு வெள்ளம் வந்துருச்சு. மரப்பாலம் போச்சு. பூபதி அக்கட்ட, நான் இக்கட்ட” என்று அவர் வந்து சொன்னார். சரி, நம்பலாம். ஆனால் பூபதியின் இன்ஹேலர் இவர் சட்டைப்பைக்குள் எப்படி வந்தது? மூச்சிரைப்புக்காரன் அதைக் கீழே வைத்துவிட்டுக் குளிக்கக்கூடப் போகமாட்டானே!

“நனையாம இருக்கட்டும்னு அவன்தான் குடுத்தான்” என்றார். நல்ல கதை! ஒருவேளை அந்த மலைக் குகையில் பழைய பாளையக்காரரின் தங்கம் கிடைத்துவிட்டதோ? பங்கு போட மனமில்லையோ? நிரஞ்சனாவின் புத்தி எங்கெங்கோ ஓடியது.

தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் வடியட்டும் என்று காத்திருந்தார்கள். அந்தக் குளிரில், மருந்தில்லாமல், அண்ணன் அதுவரை தாங்குவானா? தாங்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

தட்டான் என்பது ஒருவர் மட்டும் உட்காரும் குட்டி ஹெலிகாப்டர். வீட்டில் கட்டுவதற்கென்றே விற்கும் வரைபடத்தை வாங்கி, மூவரும் சேர்ந்து குழாய் குழாயாகப் பற்றவைத்துச் செய்தது. பூபதியின் கனத்த உடம்புக்கு அளவெடுத்துக் கட்டியது. ஒல்லிக்குச்சி நிரஞ்சனா ஏறினால் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். அதனால் அவள் ஓட்டும்போது காலடியில் ஒரு மணல் மூட்டையைக் கட்டிக்கொள்வார்கள்.

அன்று இருட்டிவிட்டதால் பறக்க முடியவில்லை. மறுநாள் விடிந்ததும் இன்ஹேலரோடு பட்டறைக்குள் நுழைந்தவள் திடுக்கிட்டாள். தரையெல்லாம் மணல்! தட்டானின் காலடியில் குனிந்து எதையோ கட்டிக்கொண்டிருந்தார் தேவசகாயம்.

“மூட்டையை ஏன் அவுத்தீங்க?”

“எடை அதேதான் அம்மிணி. தராசுல வெச்சுப் பாத்துட்டேன்.”

அவள் பிரித்துப் பார்த்தாள். அவல், வெல்லம், தண்ணீர் கேன், தார்ப்பாய், தீப்பெட்டி!

“மருந்தைக் குடுத்துட்டு உடனே திரும்பறவளுக்கு எதுக்கு இத்தனை? நான் திரும்பமாட்டேன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“அதில்ல, அங்க போனதும் நீ…”

“நகருங்க!”

ஒவ்வொரு நட்டையும் சோதித்தாள். இறுக்கியபின் நட்டின் குறுக்கே சிவப்புப் பெயிண்டால் கோடு இழுப்பது அவர்கள் வழக்கம். யாராவது திருகினால் கோடு விலகிவிடும். ஒரு கோடுகூட விலகவில்லை. அதுவும் அவளுக்குச் சந்தேகமாகவே இருந்தது!

தட்டான் எழும்பியது. தென்னைகள் கீழே போயின, சாலை போயிற்று, காடு வந்தது! மலை முகட்டில் எதிர்க்காற்று ஓங்கி அறைந்தது. இயந்திரம் ஒருமுறை இருமியபோது, ‘பாவி, எதையோ செய்துவிட்டான்!’ என்று பல்லைக் கடித்தாள். இருமல் நின்றது. குதிரைக்கல் பாறை தெரிந்தது. தடதடவென்று இறங்கினாள்.

குகை வாயிலில் பூபதி சுருண்டு கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சு விசில் அடித்தது. அவன் வாயில் இன்ஹேலரை வைத்து அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். மெல்ல மெல்ல மூச்சு வழிக்கு வந்தது.

“தேவன் பத்திரமா வெச்சிருந்தானா?” என்றான். “நனையக்கூடாதுன்னு, முதல்ல பாலம் ஏறுன அவன்கிட்ட நான்தான் குடுத்தேன்.”

நிரஞ்சனாவுக்கு முகம் சுட்டது. “புதையல்?” என்று பேச்சை மாற்றினாள்.

“வௌவால் எச்சம்! வேணும்னா அள்ளிக்கோ.”

மேகம் திரண்டது. இன்னொரு இரவை இந்தக் குளிரில் அவன் கழிக்கக்கூடாது. அவனை ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டும் என்று தட்டானைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். ஒரே இருக்கை! தன் கையாலேயே பற்றவைத்த இருக்கை! அவசரத்தில் அது அவளுக்குத் தோன்றவே இல்லை. தேவசகாயத்துக்குத் தோன்றியிருக்கிறது. பூபதி ஏறினால் மூட்டை இறங்கியாக வேண்டும். இறங்கும் மூட்டை, இங்கே தங்குகிறவருக்குச் சோறு!

“உன்னை விட்டுட்டுப் போகமாட்டேன்” என்றான் பூபதி.

“எனக்கு மூச்சு நல்லாத்தானுங்க இருக்குது. ஏறுங்கண்ணா!”

மூச்சு சீரானதும் அவனைத் தள்ளாத குறையாக ஏற்றினாள். தட்டான் மேகத்துக்கு முன்னால் ஓடி மறைந்தது. மழை கொட்டியது. தார்ப்பாய்க்குள் முடங்கி, அவலையும் வெல்லத்தையும் தின்றபடி அவள் வெட்கத்தில் அழுதாள். பேசவந்த மனிதரைப் பேசவிட்டிருக்கலாம்.

மறுநாள் மழை நின்று ஓடை தணிந்தது. அவள் பாறையிலிருந்து இறங்கிக் கரைக்கு வந்தபோது, மறுகரையில் தீயணைப்பு வீரர்களோடு தேவசகாயம் நின்றிருந்தார்.

“பூபதி பொழச்சுக்கிட்டான்! ஆஸ்பத்திரியில இட்லி பத்தலைன்னு சண்டை போடறான்!”

“அண்ணா, உங்களைக் கொலைகாரன்னு நினைச்சுட்டேனுங்க!”

“தெரியும் அம்மிணி! மூஞ்சியிலயே எழுதியிருந்துச்சு!”

வீரர்கள் சிரித்துவிட்டார்கள். தேவசகாயம் கயிற்று நுனியில் வளையமாக முடிச்சுப் போட்டு வீசினார். அவள் இடுப்பில் மாட்டிக்கொண்டு உடனே தண்ணீரில் கால் வைத்தாள்.

“நில்லு! முடிச்சை இழுத்துப் பாத்தியா?”

“நீங்க போட்டதுதானுங்களே! இனி உங்களைச் சந்தேகப்படமாட்டேனுங்க!”

“என்னை நம்பு, முடிச்சை நம்பாதே! இழுத்துப் பாரு!”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். முடிச்சு நின்றது. பிறகுதான் அவளை ஓடைக்குள் இறங்கவிட்டார்.