ஐஸ் ஃபேக்டரியில் நிற்காத அடி

காதை அடைத்த பிறகும் சத்தம் குறையவில்லை.

வாசலில் ஒருவன் கூடை நிறைய வைத்துக்கொண்டு ஆளுக்கு இரண்டாகக் கொடுத்த ஸ்பாஞ்சு அடைப்பான்களை விரலில் உருட்டிக் காதுக்குள் செருகி, அவை உப்பி நிறைகிறவரை அவள் அழுத்திப் பிடித்திருந்தாள். சுற்றிலும் கேட்ட விசிலும் கூச்சலும், தோளில் இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டவனின் குரலும், எல்லாமே தண்ணீருக்கடியில் போனதுபோல் மங்கின. அந்த அடி மட்டும் மங்கவில்லை. முன்பு எந்த அளவில் இருந்ததோ அதே அளவில், மூச்சு விட இடம் கொடுக்காத வேகத்தில், டும் டும் டும் டும் என்று விழுந்துகொண்டிருந்தது.

அவள் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். பகலெல்லாம் இயந்திரங்கள் கத்துவதைக் கேட்டுக் கேட்டு, எந்தச் சத்தம் எந்தக் கட்டிலிலிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். இந்த அடி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

பெரிய ஸ்பீக்கர். அதிர்வு எலும்பு வழியாக ஏறுகிறது. வேறென்ன இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அது எப்போதோ மூடிப்போன ஐஸ் ஃபேக்டரி; இப்போது ராத்திரி ஆட்டம் நடக்கும் இடம். தரையில் இன்னும் ஈரம் இருந்தது; வியர்வைக்கும் சிகரெட் புகைக்கும் அடியில் பழைய அம்மோனியா மூக்கை அரித்தது. வெட்டி வெட்டி எரிந்த வெள்ளை விளக்கில் நூற்றுக்கணக்கான தலைகள் துண்டு துண்டாகத் தெரிந்தன. பாட்டு என்று ஒன்றும் இல்லை. வார்த்தை இல்லை, ராகம் இல்லை. தகரத்தைச் சம்மட்டியால் அறைவதுபோல் ஒன்று, அதன் மேல் ரம்பம் அறுப்பதுபோல் இன்னொன்று. இதற்குத்தான் அவள் தங்கை வாரம் முழுக்கக் காத்துக் கிடப்பாளாம்.

தங்கையை வீட்டில் எல்லாரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். "அப்புறமா என்னை எவ்வளவு வேணா திட்டுக்கா. ஒரே ஒரு ராத்திரி என்கூட வா. நான் எங்க போறேன், என்ன பண்றேன்னு நீ பாத்ததே இல்லையே," என்று போனில் கெஞ்சியிருந்தாள்.

அக்கா ஆட வரவில்லை. சொல்ல வந்தாள். அம்மா படுக்கையில் கிடந்த காலம் முழுவதும் வாலு எட்டிப் பார்க்கவில்லை. அம்மாவின் உடலை எடுத்துக்கொண்டு போன பிறகு மூச்சிரைக்க வந்து நின்று, "எனக்காகக் கொஞ்சம் நிறுத்தி வெச்சிருக்கலாமேக்கா?" என்று கேட்டவள். அன்றைக்குச் சொந்தக்காரர்கள் முன்னால் விழுங்கிய வார்த்தைகளை இன்றைக்குக் கொட்டிவிட வேண்டும்.

வாலு கையை உயர்த்தி ஆடிக்கொண்டிருந்தாள். தலைமுடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. அவள் நெருங்கிப் போய், தங்கையின் காதில் வாய் வைத்துக் கத்தினாள்.

"அம்மா கடைசியில என்னைப் பாத்து உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாடி! பீ அள்ளினது நான்! பேரு மட்டும் உனக்கு! உன்னைத்தான் தேடினா! நான் யாருன்னே அவளுக்குத் தெரியல!"

வாலு பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

"ஆமாக்கா! சூப்பரா இருக்குல்ல!"

அவ்வளவுதான். இத்தனை மாதம் சுமந்ததை இறக்கி வைத்தது இப்படி. அவள் திரும்பி நடந்தாள். சட்டையின் பின்பக்கத்தை யாரோ பிடித்து இழுத்தார்கள். வாலுவாகத்தான் இருக்கும். உதறிவிட்டு வெளியே வந்தாள்.

கட்டடத்தின் பின்னால் துருப்பிடித்த ஐஸ் அச்சுகள் குவிந்து கிடந்த மூலையில் உட்கார்ந்து, அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. காதிலிருந்து அடைப்பான்களைப் பிடுங்கி எறிந்தாள். அடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நெடுநேரம் கழித்து முன்பக்கம் வந்தபோது, ஜெனரேட்டர்காரர் தன் மினி லாரியின் பின்னால் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இயந்திரத்தின் மூடி திறந்து கிடந்தது. கருகிய எண்ணெய் வாடை.

"என்னண்ணே, அதுக்குள்ள கிளம்பறீங்க?"

"சூடாகி நின்னுபோச்சும்மா. நின்னு ரொம்ப நேரமாச்சு. பாட்டு போட்டவனும் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டான்."

அவள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். செங்கல்லுக்குள்ளிருந்து அது விழுந்துகொண்டிருந்தது. டும் டும் டும் டும்.

"அப்ப இது?"

அவர் சுவர்ப் பக்கம் பார்க்கவில்லை. கேபிளின் மறுமுனை உள்ளே எதிலோ மாட்டியிருந்தது போல. இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு அதை அப்படியே போட்டுவிட்டார்.

"கூட வந்தவங்க யாராச்சும் உள்ள இருக்காங்களா?"

"தங்கச்சி."

அவர் வண்டியில் ஏறி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, விளக்குப் போடாமலே ஓட்டிப் போனார்.

அவளும் போயிருக்கலாம். எத்தனையோ ராத்திரி வாலு அப்படித்தானே போனாள். கால் ஃபேக்டரி வாசல் பக்கம் திரும்பியது. அதற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

உள்ளே இருட்டு. போன் டார்ச்சைப் போட்டாள்.

எல்லாரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். விசில் இல்லை. கூச்சல் இல்லை. கண்கள் திறந்திருந்தன, டார்ச் வெளிச்சம் பட்டும் ஒன்றுகூடக் கூசவில்லை. நூற்றுக்கணக்கான கால்கள் ஒரே நொடியில் தரையில் இறங்கி, ஒரே நொடியில் எழுந்தன. பாட்டுக்காரன் நின்ற மேஜை காலியாக இருந்தது. ஆளுயர ஸ்பீக்கரின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அசைவில்லை. செத்த தோல் போல இருந்தது.

பின்னால் நகர்ந்தாள். முதுகு யார் மேலோ இடித்தது.

அங்கே இருந்தது அடி.

அந்த ஆளின் முதுகுக்குள். பக்கத்தில் இருந்த பெண்ணின் தோளைத் தொட்டாள். அங்கேயும். அதே அடி. அதே நொடி. தோல் மட்டும் ஐஸாகக் குளிர்ந்து, உலர்ந்து. இவ்வளவு ஆடியும் ஒருவர் மேலும் வியர்வை இல்லை.

"வாலு! ஏய் வாலு!"

தூண் பக்கத்தில் இருந்தாள். ஷூ கிழிந்து தொங்கியது. கால் பதிந்த இடத்தில் தரை ரத்தத்தில் கருப்பாகப் பளபளத்தது. வெளிச்சத்தை அங்கிருந்து அவசரமாக மேலே தூக்கினாள். மணிக்கட்டைப் பிடித்தாள். விரல் தானாக நாடிக்குப் போனது. எண்ணத் தேவைப்படவில்லை; அதே அடி.

"வீட்டுக்குப் போலாம், வா."

இடுப்பில் கை கொடுத்துத் தூக்கினாள். அவ்வளவு லேசாக இருந்தாள். சின்ன வயதில் தூக்கிக்கொண்டு திரிந்ததைவிட லேசு. அந்தரத்திலும் கால்கள் ஆடின. யாரும் தடுக்கவில்லை. விலகி வழி விட்டார்கள். ஆடிக்கொண்டே.

வாசற்படி. வெளிக்காற்று.

கால்கள் நின்றன.

தரையில் கிடத்திக் கழுத்தில் விரல் வைத்தாள். ஒன்றும் இல்லை. மூக்கில். ஒன்றும் இல்லை. போன் கையிலிருந்து நழுவி எட்டாத தூரத்தில் விழுந்து, வாலுவின் மேல் வெளிச்சத்தைப் போட்டபடி கிடந்தது. அதை எடுக்க நேரமில்லை. நெஞ்சின் நடுவில் ஒரு கை, அதன் மேல் இன்னொரு கை. முழங்கையை மடக்காமல் அழுத்தத் தொடங்கினாள்.

சுவருக்குள் அடி தடுமாறியது.

பிறகு மெதுவானது. அவள் கைக்குத் தகுந்தபடி வந்தது. அழுத்தினால் டும். அழுத்தினால் டும்.

வாலு கண்ணைத் திறந்தாள்.

"அக்... கா... வலிக்... குது..."

"இருடி. பொறுத்துக்கோ. இதோ வந்துட்டேன்." போனை எடுக்க ஒரு கையை நீட்டினாள். வாலுவின் கண்ணில் இருந்த ஒளி சட்டென்று அவிந்தது. பாய்ந்து வந்து மறுபடி அழுத்தினாள். கண்ணில் ஒளி திரும்ப வந்தது. விலா எலும்பு ஒன்று கைக்கடியில் நொறுங்கியது.

"நீ... சொன்... னது... எல்... லாம்..."

"பேசாத."

"கேட்... டுது... க்கா..."

அவள் அழுத்தினாள். அழுகை இப்போது வந்தது. துடைக்கக் கையில்லை.

வாசலில் நிழல்கள். உள்ளே ஆடியவர்கள் படி வரைக்கும் வந்துவிட்டார்கள். தோளோடு தோளாக நெருங்கி நின்று, அவள் கையையே பார்த்தார்கள். அவள் கை இறங்கும்போது அவர்கள் கால் இறங்கியது. எழும்போது எழுந்தது. நூற்றுக்கணக்கான கால்கள்.

"போங்க! யாராவது போன் பண்ணுங்களேன்!"

கால்கள் இறங்கின. எழுந்தன.

தோள் எரிந்தது. விரல் மரத்துப்போனது. இன்னும் ஒன்று. இன்னும் ஒன்றே ஒன்று. முடியவில்லை. கை இரண்டும் வழுக்கி இரண்டு பக்கமும் விழுந்தன.

அடி நிற்கவில்லை.

அவள் குனிந்து பார்த்தாள். தன் கைகள் தரையில் கிடந்தன. மேலே யாரும் இல்லை. போன் வெளிச்சத்தில் வாலுவின் நெஞ்சு, இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளமாக உள்ளே இறங்கியது. எழுந்தது. இன்னும் ஆழமாக இறங்கியது. கண்கள் திறந்தே இருந்தன. வாய் ஒவ்வொரு எழுத்தாக எதையோ கேட்டுக்கொண்டிருந்தது. எலும்பு நொறுங்கும் ஓசையில் அது என்னவென்று கேட்கவில்லை.